கேட்டதற்கு மட்டும் பதில்

சட்டக் கல்லூரி அணியில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். சாட்சிக் கூண்டில் ஏறியவன் எப்பேர்ப்பட்ட வாய்க்காரனாக இருந்தாலும், அவள் எழுந்து நாலு கேள்வி கேட்டால் துண்டு துண்டாகிவிடுவான். அந்தப் பெயரை வைத்தவர்களே அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, நிறையவே.

கல்லூரிகளுக்கிடையேயான மாதிரி நீதிமன்றப் போட்டியில் அவர்கள் அணி இறுதிச் சுற்றுக்குப் போனது அதுதான் முதல் தடவை. வழக்கு கற்பனை வழக்கு. ஒரு கிடங்கு எரிகிறது. அங்கே வேலை பார்த்தவன், அந்த நேரம் தான் வீட்டில் இருந்ததாகச் சாதிக்கிறான். அவன் புளுகுகிறான் என்று காட்ட வேண்டியது அவள் பொறுப்பு. இரண்டு அணிக்கும் ஒரே வழக்குக் கட்டைக் கொடுப்பார்கள். சாட்சியாக நடிப்பவர் அந்தக் கட்டில் எழுதியிருப்பதைத்தான் சொல்லலாம். சொந்தச் சரக்கைச் சேர்த்தால் மதிப்பெண் போய்விடும்.

கட்டை நகல் எடுக்கப் போனபோதே முட்டுக்கட்டை. கல்லூரி வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடை பூட்டிக் கிடந்தது. கடைக்காரரை வாய்க்கால் ரோட்டு வளைவில் ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டதாம். நல்ல மழை, இருட்டுகிற நேரம், பார்த்தவர் யாரும் இல்லை. மனிதர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். "பாவம்ப்பா" என்று ஆளுக்கொரு தடவை சொல்லிவிட்டு, அணி அடுத்த தெருவில் வேறு கடையைத் தேடிப் போனது. அவளும் கூடத்தான் போனாள்.

பயிற்சியிலும் இடைஞ்சல். குற்றம் சாட்டப்பட்டவனாக நடித்துக்கொண்டிருந்த சக மாணவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அன்று மாலை வீட்டில் அவள் அதைச் சொல்லிப் புலம்பியபோது, அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.

"நான் வேணா உக்காரட்டுமா? அந்த ஆளா?"

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அண்ணன் ஒரு சலவை நிறுவனத்தின் வேன் ஓட்டுகிறவன். விடுதிகளிலிருந்து அழுக்கு விரிப்புகளை மூட்டை மூட்டையாக ஏற்றி வந்து, வெளுத்து மடித்ததைத் திரும்பக் கொண்டுபோய்ப் போடுவான். அப்பா அம்மா போன பிறகு அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டவன், காய்ச்சலுக்குக் கண் விழித்தவன், கோணல் மாணலாகத் தலை பின்னிவிட்டவன் அவன்தான். அவளுக்கென்று இருந்த ஒரே ரத்த உறவு. அண்ணி பிறகு வந்தவள். வெடுக்கென்று பேசினாலும் நல்லவள். ஆனால் தங்கையின் படிப்பை "கோர்ட்டு நாடகம்" என்று கிண்டல் செய்வதோடு சரி, அண்ணன் அதுவரை அதில் மூக்கை நுழைத்ததே இல்லை.

சமையலறை மேசைதான் நீதிமன்றம். வழக்குக் கட்டை அவன் ஒரு தடவை படித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சம்பவம் நடந்த அன்னைக்கு சாயங்காலம் எங்க இருந்தீங்க?"

"வீட்லதான். எங்கயும் போகல. டீ குடிச்சேன். டிவி பாத்தேன். பாட்டுதான் ஓடிட்டிருந்துச்சு, பழைய பாட்டு. நான் பொய் சொல்ல மாட்டேம்மா, வேணும்னா என் சம்சாரத்தைக் கேளுங்க..."

"அந்தத் தெருவுல அப்ப கரன்ட் இல்லையே. டிவி எப்படி ஓடுச்சு?"

அண்ணன் கட்டைப் புரட்டித் தேடினான். அவள் மேசையைத் தட்டிச் சிரித்தாள். அடுப்படியில் நின்ற அண்ணியும் சிரித்தாள், ஆனால் சீக்கிரமே நிறுத்திக்கொண்டாள். அண்ணன் மட்டும் சிரிக்கவே இல்லை.

"நான் எங்க தப்பு பண்ணேன்?" என்று கேட்டான்.

யாராவது தன்னிடம் பாடம் கேட்டால் அவளுக்குத் தலைகால் புரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். ஆமா, இல்ல, ஞாபகம் இல்ல. அவ்வளவுதான். நீயா எதையும் எடுத்துக் குடுக்காத. அவங்க பேசாம உன்னையே பாப்பாங்க. ஏதாவது சொல்லித் தொலைக்கலாம்னு வாய் துறுதுறுங்கும். சொல்லக் கூடாது."

"வேற?"

"சத்தியமா, நெசமா, வேணும்னா அவளைக் கேளுங்க, இதெல்லாம் வேண்டாம். தன் பேச்சைத் தானே நம்பாத ஆளுதான் இதெல்லாம் சொல்லுவான்."

மறுநாள் அவளுக்கு முன்பே அவன் மேசைக்கு வந்துவிட்டான். அதற்கு மறுநாளும். வேலையிலிருந்து வந்து முகம்கூடக் கழுவாமல், சட்டையில் சலவைத் தூள் வாசனையோடு உட்கார்ந்து, "ம், கேளு" என்பான். நாளுக்கு நாள் அவன் பேச்சு சுருங்கியது. கையை மேசைக்கடியில் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டான். அவள் மடக்கி மடக்கிக் கேட்டாலும் பிடி கொடுக்கவில்லை. அண்ணனுக்குள் இப்படியொரு ஆள் இருந்தானா என்று அவள் பூரித்துப்போனாள். அந்தப் பூரிப்பு அவள் கண்ணை மறைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

"போதும், எந்நேரமும் இதே பேச்சா?" என்று அண்ணி ஒருநாள் வெடித்தாள். "வீடா இது, ஸ்டேஷனா?"

"நீ சும்மா இரு" என்றான் அண்ணன். அண்ணியிடம் அவன் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

அன்றுதான் அது நடந்தது. கேள்வி சாதாரணக் கேள்வி.

"வேலை முடிஞ்சு வீட்டுக்கு எதுல வந்தீங்க?"

"வேன்ல. வந்து முன்பக்கம் கழுவிட்டு..."

சட்டென்று நிறுத்தினான். குழாயடியில் அண்ணி பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றாள். பாத்திரம் நிறைந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் குழாயை மூடவில்லை.

"அண்ணா, கட்டுல பஸ்னு இருக்கு."

"ஆமா, பஸ்ஸு. பழக்க தோஷம்."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். வேனை நிறுவனத்தின் முற்றத்தில்தான் கழுவுவார்கள், அதற்குத் தனி ஆளே உண்டு. வீட்டு வாசலில் அண்ணன் அதைக் கழுவியது ஒரே ஒரு நாள்தான். கொட்டுகிற மழையில் வாளியும் துணியுமாக முன்பக்கம் குந்தியிருந்தான். "மழையே குளிப்பாட்டுதே, நீ வேற எதுக்கு?" என்று அவள் ஜன்னலிலிருந்து கேலி செய்தாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் காலை அவள் கல்லூரிக்குப் போனபோது ஜெராக்ஸ் கடை பூட்டியிருந்தது.

அடுத்த கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பாள். எப்போது கழுவினீர்கள், ஏன் கழுவினீர்கள் என்று தோலை உரித்திருப்பாள். பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பதில் தெரிந்துவிட்ட கேள்வியை என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் கட்டை மூடிவிட்டுத் தலைவலிக்கிறது என்று எழுந்து போனாள்.

பயந்துவிட்டாள் என்பதுதான் உண்மை. கேட்டால் அண்ணன் இல்லாமல் போய்விடுவான். கேட்காமல் இருந்தால் மேசைக்கு எதிரே எப்போதும்போல் இருப்பான். கத்தரியாம் கத்தரி!

மறுநாள் மாலையும் அவன் வந்து உட்கார்ந்தான். "இன்னைக்குப் பழகலையா?" என்றான். அவன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவள் கட்டைத் திறந்தாள். தெரிந்தேதான் திறந்தாள். எந்த இடத்தில் அவன் குரல் இறங்குகிறது என்று சொன்னாள், எங்கே மூச்சு விட வேண்டும் என்று காட்டினாள். போட்டிக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை அவளே நம்பவில்லை.

இறுதிச் சுற்றுக்கு முந்தைய நாள் ஜெராக்ஸ் கடைக்காரர் நினைவு திரும்பாமலே இறந்துபோனார். கடைக் கதவில் கறுப்புத் துணி கட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து அவள் அதைச் சொல்லவில்லை. எப்படியோ அவனுக்குத் தெரிந்திருந்தது.

"ஆள் செத்துட்டா கேஸ் மாறுமா?" என்று கேட்டான்.

"இந்தக் கேஸ்ல யாரும் சாகலையே அண்ணா."

அவன் அவளையே பார்த்தான். அவளும் பார்த்தாள். இருவருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. "ஆமால்ல" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து கை கழுவப் போனான்.

போட்டியில் அவர்கள் அணி ஜெயித்தது. எதிரணிச் சாட்சி ஒரு வெகுளிப் பையன். கேட்டதற்கு ஒன்று, கேட்காததற்குப் பத்து என்று கொட்டினான். அவனை மடக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. நடுவராக வந்திருந்த ஓய்வுபெற்ற நீதிபதி எழுந்து நின்று கைதட்டினார். கோப்பையை அவள் கையில் திணித்தார்கள். தோழிகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்று மட்டும் இருந்தது, போகவும் பயமாக இருந்தது.

வாசலில் ஒரு ஜீப் நின்றது. உள்ளே சமையலறை மேசையில், அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, களைத்த முகம். எதிரே அண்ணன். சுவரோரம் அண்ணி.

"மழை பெஞ்ச அன்னைக்கு வாய்க்கால் ரோட்டு வழியா வந்தீங்களா?"

"இல்ல."

"வேற எந்த வழி?"

"மார்க்கெட் வழி."

"எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தீங்க?"

"ஞாபகம் இல்ல."

போலீஸ்காரர் பேசாமல் அவனையே பார்த்தார். அண்ணனும் பேசவில்லை. கை மேசைக்கடியில் இருந்தது. ஒரு வார்த்தை கூடுதல் இல்லை, குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அத்தனையும் அவள் செதுக்கியது. அவள் கோப்பையோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"தங்கச்சியா? வாம்மா, உள்ள வா" என்றார் அவர். "அன்னைக்கு அண்ணன் வந்தப்ப நீ வீட்ல இருந்தியா?"

"ஆமா."

"வேனைப் பாத்தியா?"

"ஞாபகம் இல்ல."

அவர் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் எழவில்லை.

"அடிச்சது ஒரு வேன்னு மட்டும் தெரியும். இந்த ஊர்ல வேன் ஓட்டுற ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போயிட்டு வர்றேன்" என்றார், கதை சொல்வதுபோல. "எல்லாரும் பதறுறாங்க. மாமியார் சண்டைல இருந்து முட்டி வலி வரைக்கும் சொல்றாங்க. ஒருத்தன் அழவே ஆரம்பிச்சுட்டான், அவன் அன்னைக்கு ஊர்லயே இல்ல. தப்பு பண்ணாதவன் அப்படித்தாம்மா பேசுவான். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றது இந்த வீடு ஒண்ணுதான். ரெண்டு பேரும் ஒரே மாதிரி."

அவர் பார்வை அவள் கையிலிருந்த கோப்பைக்கு வந்து நின்றது. அதில் பொறித்திருந்த எழுத்துகளை நிதானமாகப் படித்தார்.

"யாரும்மா இவருக்குச் சொல்லிக் குடுத்தது?"

அண்ணன் முதல் தடவையாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். ஞாபகம் இல்லை என்று சொல் என்று அந்தப் பார்வை கெஞ்சவில்லை. அவளை இதில் மாட்டிவிட்டோமே என்ற பயம்தான் அதில் இருந்தது. கையை மேசைக்கடியிலிருந்து வெளியே எடுத்தான்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றான். "சத்தியமா தெரியாது. சின்னப் பொண்ணு. போட்டிக்குப் பழக நான் ஒதவுறேன்னு நெனச்சுதான் சொல்லிக் குடுத்தா. நாந்தான் கேட்டேன், நாந்தான் தினமும் கேட்டேன். மழை சார், கண்ணாடில ஒண்ணுமே தெரியல, சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு, எறங்கிப் பாக்க தைரியம் வரல. வேணும்னா என் சம்சாரத்தைக் கேளுங்க..."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனான். போலீஸ்காரர் குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை.