அகராதியில் இல்லாத சகலை

சிங்காநல்லூர் பம்ப் பட்டறை கதிர்வேலின் கண்ணுக்கு அவருடைய சகலை தம்பிதுரை தெரியாமல் போனது ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை. தம்பிதுரைக்குக் கதிர்வேல் தெரியாமல் போனதும் அதே புதன்கிழமை, அதே நேரத்தில்தான். மற்ற எல்லோருக்கும் இரண்டு பேரும் நன்றாகவே தெரிந்தார்கள். ஒருவருக்கு ஒருவர்தான் தெரியவில்லை, குரலும் கேட்கவில்லை. அந்த வாரம் வார்ப்பு இரும்பு கிலோவுக்கு நாலு ரூபாய் ஏறியிருந்தது. பட்டறையில் எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் இதை யாரும் கவனிக்கவில்லை.

அக்காவையும் தங்கையையும் கட்டியவர்கள் அவர்கள். மூத்தவள் மாசாணியம்மாளைக் கட்டியவர் கதிர்வேல், இளையவள் தங்கமணியைக் கட்டியவர் தம்பிதுரை. சகலைகள் சேர்ந்து தொழில் வைத்தால் மாமனார் வீட்டு விருந்துகூட நாறிப்போகும் என்று சொன்னவர்களை எல்லாம் பொய்யாக்கி, இருவரும் இருபது வருஷத்துக்கு மேல் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து தொழில் செய்தார்கள். லேத்தும் வார்ப்பும் கதிர்வேல் பொறுப்பு. செப்புக் கம்பி சுற்றி மோட்டாருக்குக் காயில் கட்டுவது தம்பிதுரை பொறுப்பு. கதிர்வேல் வாய்விட்டுச் சிரிப்பது தம்பிதுரையோடு இருக்கும்போது மட்டும்தான் என்று மாசாணியம்மாளே குறைப்பட்டுக்கொள்வாள். பெண்டாட்டி வழியில் வந்த உறவு கூடப் பிறந்தவனைவிடக் கெட்டியாக அமைவதும் உண்டுதான். கெட்டியாக அமைந்ததால்தான் இந்தச் சங்கடம்.

வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் விஷயம் ஒரே நாளில் வெளியே வந்திருக்கும். எதிர் நாற்காலி காலியாக இருந்தால் “எங்கே போய்த் தொலைந்தாய்?” என்று போனில் கேட்டிருப்பார்கள். இவர்கள் கேட்கவில்லை. ஒரு மனிதர் வரவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அவராகச் சொல்லாத காரணத்தை நாமாகக் கேட்பது மரியாதை இல்லை என்பது இருவருடைய கட்சியும். காயில் மட்டும் நாள் தவறாமல் கட்டி முடிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தான் இல்லாத நேரமாகப் பார்த்துச் சகலை வந்துபோகிறார் என்று கதிர்வேல் முடிவு கட்டினார். அவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று காலையில் ஒரு மணி நேரம் தாமதமாக வர ஆரம்பித்தார். அதே எண்ணத்தில் தம்பிதுரையும் தாமதமாக வர ஆரம்பித்தார். எனவே இருவரும் பழையபடி ஒரே நேரத்தில் வந்து, எதிரெதிரே உட்கார்ந்து, எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்து மனம் வருந்தினார்கள். ஒருமுறை வாசலில் பலமாக மோதிக்கொண்டார்கள். கதவு இடித்துவிட்டதாக இருவருமே தைலம் தேய்த்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு தடவை போனும் போட்டுப் பார்த்தார்கள். மணி அடித்தது, அந்தப் பக்கம் எடுக்கிற சத்தமும் வந்தது, அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. பேசப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று வைத்துவிட்டார்கள்.

அக்காவும் தங்கையும் இதைச் சண்டை என்றே நினைத்தார்கள். ஒரு காதுகுத்து விருந்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்ததை ஊரே பார்த்தது. ஆம்பிளைகள் ரோஷம் ஆறட்டும், நடுவில் புகுந்தால் ஒன்று இரண்டாகும் என்று பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மரியாதை என்பது பெண்களையும் பிடித்து ஆட்டுகிற வியாதிதான்.

தை பிறந்ததும் கதிர்வேல் மனைவியிடம் சொன்னார்: “அவருக்கு நம்ம மேல என்னமோ வருத்தம் அம்மணி. கேட்டாச் சங்கடப்படுவாரு. பட்டறைய அவருக்கே எழுதி உட்டுப்போட்டு நாம ஒதுங்கிக்கலாம்.” அதே வாரம் தம்பிதுரை தன் வீட்டில் சொன்னதும் இதேதான், வார்த்தைகள் கொஞ்சம் முன்னே பின்னே. பட்டறையை விடுவதுகூட அவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமலே ஒரு நல்ல மனிதரை இழக்கிறோமே என்ற துக்கம்தான் இருவரையும் அரித்தது. கதிர்வேலுக்குச் சோறு இறங்கவில்லை. தம்பிதுரை கட்டிய காயில் இரண்டு புகைந்து திரும்பி வந்தன, அவர் தொழிலில் அப்படி நடந்ததே இல்லை.

பங்கு பிரிக்கிற பத்திரம் எழுத, ஆடிட்டர் குறித்துக் கொடுத்த நாளில் இருவரும் அவர் ஆபீசுக்குப் போனார்கள். திருச்சி ரோட்டில் மாடியில் இருக்கிற சின்ன ஆபீஸ் அது. அங்கே டைப் செய்கிற ஃபஹீமா கெட்டிக்காரப் பெண். வெகுநேரம் காத்திருந்த பின்னும் பெஞ்சில் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருந்த இருவரும் வாய் திறக்காததால், ஆரம்பிக்கலாமா என்று அவளே கேட்டாள். “சகலை வந்துரட்டுங்க” என்றார் கதிர்வேல். “அவரு வராம எப்படீங்க?” என்றார் தம்பிதுரை, அதே மூச்சில். ஃபஹீமா இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஏனுங்கண்ணா, அப்ப உங்க பக்கத்துல உக்காந்திருக்கறது யாருங்க?” என்று கதிர்வேலிடம் கேட்டாள். கதிர்வேல் திரும்பிப் பார்த்தார். பெஞ்சும், பெஞ்சின் மேல் நேற்றைய பேப்பரும் இருந்தன.

அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஆவணியில் இவர்களுடைய கூட்டுப் பத்திரத்தைப் புதுப்பித்து இங்கிலீஷில் டைப் செய்தவள் அவளேதான். பழைய பத்திரத்தில் இன்னார் இன்னாருக்குக் கோ-பிரதர், அதாவது சகலை, என்று இருந்தது. நம் ஊரில் கல்யாணப் பத்திரிகை முதல் கடன் மனு வரை எல்லோரும் எழுதுகிற வார்த்தைதான். ஆனால் கம்ப்யூட்டரின் அகராதி அமெரிக்காவில் செய்தது. அந்த ஊரில் சகலைக்குத் தனியாக வார்த்தை கிடையாது, எல்லோரும் பிரதர்-இன்-லாதான். ஆகவே வார்த்தைக்கு அடியில் சிவப்புக் கோடு நெளிந்தது. ஆடிட்டருக்குச் சிவப்புக் கோட்டைக் கண்டால் ரத்தம் கொதிக்கும். அவர் சத்தம் போடுவதற்குள் ஃபஹீமா அந்த வார்த்தையை அழித்துவிட்டாள், வாசகம் அது இல்லாமலே சரியாகத்தான் இருந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கீழே இறங்கியது அந்தப் புதன்கிழமை.

இப்போது அவள் அதே பத்திரத்தைத் திறந்து, அதே இடத்தில் கோ-பிரதர் என்று அடித்தாள். சிவப்புக் கோடு வந்தது. வார்த்தையை அகராதியில் சேர் என்கிற இடத்தை அமுக்கினாள். கோடு மறைந்ததும் பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“ஏனுங்க சகலை, இப்படி எளச்சுப்போட்டீங்க?” என்றார் தம்பிதுரை.

“நீங்க வராம பட்டறையில ஒண்ணுமே நல்லால்லீங்க” என்றார் கதிர்வேல். ஃபஹீமா தண்ணீர் கொண்டுவரப் போவதுபோல எழுந்து போய்விட்டாள்.

பிரிவினைப் பத்திரம் டைப் ஆகவில்லை. ஆனால் படி இறங்கி ரோட்டுக்கு வந்ததும் இருவரும் மறுபடி ஒருவருக்கு ஒருவர் மறைந்துபோனார்கள். மேலே ஏறினால் தெரிந்தார்கள். பட்டறைக் கம்ப்யூட்டரில் அந்த வார்த்தையைச் சேர்த்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. பத்திரம் டைப்பான கம்ப்யூட்டரில்தான், அதுவும் அது இருக்கிற அறைக்குள் மட்டும்தான் பலித்தது. எனவே வியாழக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டைத் தூக்குப் போசியில் எடுத்துக்கொண்டு ஆடிட்டர் ஆபீசுக்குப் போய், அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசிவிட்டு வந்தார்கள். ஆடிட்டர் முதலில் முணுமுணுத்தார். தங்கமணி வைக்கிற அரிசியும்பருப்புச் சாதம் ருசியாக இருக்கவே அவரும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தம்பிதுரையின் மகள் சண்முகப்ரியா சரவணம்பட்டிப் பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தாள். எந்தெந்த ஊர் இங்கிலீஷுக்கு எந்தெந்த வார்த்தை சரி என்று தீர்மானிக்கிற அகராதிப் பிரிவில் வேலை. லட்சமும் கோடியும், தேதியை முன்னால் தள்ளி வைப்பதைச் சொல்கிற ப்ரீபோனும் சிவப்புக் கோட்டிலிருந்து தப்பியது அவள் கூட்டத்தாரின் புண்ணியம். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் வந்ததைக் கேட்டதும் கோ-பிரதரையும் இந்திய இங்கிலீஷில் சேர்க்கச் சொல்லி எழுதினாள். அந்த அகராதி வெளியானால் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் போய்விடும், பிறகு அறை என்ன, ரோடு என்ன. கடல் தாண்டிய ஊரிலிருந்த மேலதிகாரி, பிரதர்-இன்-லா போதாதா என்று கேட்டார். போதாது என்றாள் இவள். மச்சானும் சகலையும் ஒன்றில்லை. ஒரே மாமியார் கையால் வேறு வேறு வருஷம் தலைதீபாவளிப் பலகாரம் சாப்பிட்டவர்கள்தான் சகலைகள் என்று விளக்கினாள். அவர் யோசிப்பதாகச் சொன்னார். யோசிக்கிறவர்களுக்கு அவசரம் இருப்பதில்லை.

அதற்குள் விஷயம் பரவி, இதே கோளாறு வேறு ஊர்களிலும் தெரியவந்தது. பெருந்துறை சிப்காட்டில் சேர்ந்து சாயப்பட்டறை நடத்திய இரண்டு சகலைகள் இப்படித்தான் ஆகிப்போய், ஒருவரை ஒருவர் வெளிநாடு போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். பல்லடம் மனோஜ்குமார் கதை வேறு. கோழிப்பண்ணைத் தகராறில் பத்து வருஷமாகச் சகலையோடு மல்லுக்கட்டியவர் அவர். இந்த ஒன்றரை வருஷமாகத்தான் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவதாகவும், தயவுசெய்து அந்த வார்த்தையை மட்டும் சேர்த்துவிட வேண்டாம் என்றும் சண்முகப்ரியாவை நேரில் வந்து பார்த்துக் கும்பிட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் மறுத்துவிட்டாள்.

வார்த்தைக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது, அடுத்த வெளியீட்டில் வரும் என்று தகவல் வந்த மாதத்தில் தம்பிதுரைக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். கதிர்வேல் உள்ளே போய்ப் பார்த்தபோது கட்டிலில் யாரும் இல்லை. தலையணை நடுவில் அழுந்தியிருந்தது, சொட்டு மருந்துக் குழாய் வந்து வெறும் காற்றில் நின்றிருந்தது. சண்முகப்ரியா நடுவில் நின்று சொன்னாள்: “காயில் கம்பி வந்துச்சான்னு அப்பா கேக்கறாருங்க பெரியப்பா.” கதிர்வேல் தலையணையைப் பார்த்து, “வந்துருச்சுங்க சகலை. நல்ல கம்பிதான். நீங்க வந்துதான் பிரிக்கோணும்” என்றார். அது அங்கே போய்ச் சேராது என்று அவருக்குத் தெரியும். பெண் அதைத் திருப்பிச் சொன்னாள். உயிரோடு ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்பதைத் தவிர அப்போது கதிர்வேலுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. விஷயம் கேள்விப்பட்டு ஃபஹீமா ஆபீஸ் கம்ப்யூட்டரைக் கழற்றி, ஆடிட்டரே ஒரு கை பிடிக்க, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அந்தப் பிரிவுக்குள் அப்படிப்பட்ட சாமானை விட முடியாது, பெரிய டாக்டரிடம் கேட்க வேண்டும் என்றார்கள். பெரிய டாக்டர் கேட்ட உடனே சரி என்றார். கம்ப்யூட்டர் லிஃப்டில் ஏறிக்கொண்டிருந்தபோது தம்பிதுரை இறந்துபோனார்.

பந்தலில் கதிர்வேல் பார்த்தது மாலைகளைத்தான். ஓர் ஆள் நீளத்துக்கு மாலைகள் மேடுகட்டிக் கிடந்தன, அடியில் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் முகத்தைப் பார்த்து அழுதார்கள். அவர் மாலைகளைப் பார்த்து அழுதார். ஃபஹீமா கம்ப்யூட்டரை அங்கேயும் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். இந்த முகத்தைப் பார்க்க வேண்டாம் அம்மணி என்று அவர் சொல்லிவிட்டார்.

காரியம் முடிந்து பட்டறை திறந்த சில வாரங்களில் புதிய அகராதி வெளியானது. அந்தத் திங்கட்கிழமை காலை நம் பக்கத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தாமாகவே புதுப்பித்துக்கொண்டன. பெருந்துறைச் சகலைகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மனோஜ்குமார் அன்று மத்தியானமே பல்லடம் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார். கதிர்வேல் பட்டறைக்குள் நுழைந்தபோது தம்பிதுரை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

வேறு யாருக்கும் அவர் தெரியவில்லை. லேத் ஓட்டுகிறவர்கள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். முதலாளி காலி நாற்காலியோடு பேசுவது அவர்களுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. மோட்டார்கள் புகையாமல் போய்க்கொண்டிருந்தன, அது போதும். சண்முகப்ரியா லீவு போட்டுவிட்டு ஓடிவந்தாள். நாற்காலிக்கு எதிரே வெகுநேரம் நின்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பா என்ற வார்த்தை அகராதியில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது, புதிதாகச் சேர்க்க அதில் ஒன்றும் இல்லை என்று அவளே பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு, அழுது முடித்து, மறுநாள் வேலைக்குப் போனாள்.

தங்கமணி வெள்ளிக்கிழமைகளில் கோவிலுக்குப் போகிற வழியில் பட்டறைக்கு வருவாள். உள்ளே வரமாட்டாள், ஷட்டர் ஓரமாக நின்று கேட்பாள்.

“ஏனுங்க மாமா, இன்னைக்கு என்ன சட்டைங்க?”

கதிர்வேல் திரும்பிப் பார்த்துச் சொல்வார். “கட்டம் போட்டது அம்மணி. மேல் பட்டன் ஒண்ணு இல்லை.”

“தெச்சு வெக்கறதுக்குள்ள போயிட்டாரு” என்பாள் தங்கமணி. கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு, பஸ் வந்துவிடும், வாரேனுங்க என்று இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவாள்.