கண் திறந்த படம்

ஓய்வு பெற்றதும் மயக்க மருந்து டாக்டர் செய்த முதல் காரியம், அலாரம் கடிகாரத்தை மகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது. அடுத்தது, ஓவிய வகுப்பில் சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமைதோறும் நூலக மாடியில் வகுப்பு. இலையுதிர்காலம் தொடங்கியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மரங்கள் மஞ்சளும் செம்பழுப்புமாக மாறிக்கொண்டிருந்தன. வகுப்பில் எல்லாரும் இலைகளை வரைந்தார்கள். டாக்டர் மட்டும் முகங்களைத்தான் வரைவேன் என்று பிடிவாதமாக இருந்தார்.

முகம் அவருக்கு அத்துப்படி. வேலைக்காலம் முழுவதும் அறுவை அரங்கில் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர். தாடை எப்படித் தளரும், மூச்சு வாங்கும்போது மூக்கோரம் எப்படி அசையும் என்றெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்.

முதலில் கணவரை உட்கார வைத்தார். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். தோள்வரை வரைவதற்குள் அவர் நாற்காலியிலேயே உறங்கிப்போனார். அடுத்து தெருமுனை முடிதிருத்துபவர் வந்தார். கடையை மகனிடம் விட்டுவிட்டு, சாயங்காலம் ஆனால் இவர்கள் வீட்டில் சீட்டாட வருகிற பழைய சிநேகிதர்.

"காலம் பூரா மத்தவங்க தலையை ஆடாம பிடிச்சவன் டாக்டரம்மா. எனக்கு ஆடாம உட்காரத் தெரியாதா?" என்று சவடாலாகச் சொன்னார். சொன்ன கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டார்.

"வேலையை விட்டும் ஆளைத் தூங்க வைக்கிற பழக்கம் உன்னை விடலையே," என்றார் கணவர்.

படங்கள் சேர்ந்தன. ஓவிய ஆசிரியர் அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தார். "ரொம்ப அழகா வந்திருக்கும்மா. ஆனா ஒருத்தர்கூட கண்ணைத் திறக்கலையே! நூலகக் கண்காட்சிக்குக் கண் திறந்த படம் ஒண்ணாவது கொடுங்க."

டாக்டர் கணவருக்குச் சூடாகக் காபி கொடுத்து மறுபடி உட்கார வைத்தார். இந்த முறை அவர் தூங்கவில்லை. முடிந்ததும் எழுந்து வந்து படத்தைப் பார்த்தவர் திடுக்கிட்டார்.

"நான் எதுக்கு இப்படிப் பயந்துபோயிருக்கேன்?"

டாக்டர் அழித்து வரைந்தார். மறுபடியும் பயம். கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வரைந்தார். அதிலும் பயம். அன்று சாயங்காலம் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தபோது விஷயம் பிடிபட்டது. மிக அருகில் அவர் உற்றுப் பார்த்த திறந்த கண்கள், அறுவை மேசையிலிருந்து அவரை அண்ணாந்து பார்த்தவைதாம். "ஒண்ணும் ஆகாது, மெதுவா மூச்சை இழுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லும்போது பார்த்த கண்கள். அவர் கைக்கு வேறு கண் தெரியவில்லை.

மகளிடம் போனில் சொன்னார். மகள் யோசிக்கவே இல்லை.

"பயம்னா என்னன்னே தெரியாத ஆள் வேணும்னா எங்க அத்தை இருக்காங்களேம்மா!"

டாக்டரின் முகம் சுருங்கியது. மகளின் மாமியார் விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த விமானம் இறங்கலாம், எது வானத்தில் காத்திருக்கணும் என்று சொல்லிச் சொல்லியே பழகிய குரல். மகள் கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது, "நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க, அவங்க போகட்டும்" என்று மணப்பெண்ணின் அம்மாவையே நிறுத்தி வைத்தவர். அதிலிருந்து சம்பந்திகள் இருவருக்கும் 'சௌக்கியமா, சௌக்கியம்' என்பதோடு சரி.

மகள் செய்த ஏற்பாட்டில் ஞாயிற்றுக்கிழமையே சம்பந்தி வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக, "இந்த நாற்காலி வெளிச்சத்துக்கு முதுகு காட்டுது, திருப்புங்க" என்றார். டாக்டரின் கணவர் மறுபேச்சுப் பேசாமல் திருப்பிப் போட்டுவிட்டு, முடிதிருத்துபவர் வீட்டுக்கு நழுவினார்.

"அவசரம் ஒண்ணும் இல்லையே?" என்றார் டாக்டர்.

"எனக்கென்ன அவசரம்? எந்த விமானம் எனக்காகச் சுத்திக்கிட்டிருக்கு?"

பென்சில் தாளில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம்தான். சம்பந்தியால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"ஒண்ணு கேட்கட்டுமா சம்பந்தி? முதன்முதலா நான் இங்க வந்த அன்னிக்கு என்னைத் தலையிலிருந்து கால்வரைக்கும் ஒரு பார்வை பார்த்தீங்க. இன்னிவரைக்கும் அதே பார்வைதான். எங்கிட்ட அப்படி என்ன குறை கண்டீங்க?"

பென்சில் நின்றது. டாக்டருக்குக் காது சூடாகியது.

"குறையா? ஐயையோ! அது... உங்களை எடை போட்டேன்."

"அதைத்தானே நானும் கேட்கறேன்!"

"அந்த எடை இல்லைங்க. நிஜமாவே எடை. எத்தனை கிலோ இருப்பாங்க, எவ்வளவு மருந்து தாங்கும்னு, ஆளைப் பார்த்ததும் மனசு தானா கணக்குப் போட்டுடும். உங்களைன்னு இல்லை, எல்லாரையும்தான். மாப்பிள்ளையைக்கூடப் போட்டிருக்கேன்."

சம்பந்தி நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சரி, நான் எத்தனை கிலோ?"

"வேண்டாம்."

"பரவாயில்லை, சொல்லுங்க."

டாக்டர் சொன்னார்.

"அடப்பாவமே! நேத்து மெஷின்ல ஏறினப்ப இதையேதான் காட்டுச்சு. வீட்டுல எல்லார்கிட்டயும் குறைச்சுச் சொல்லி வெச்சிருக்கேன். தயவுசெஞ்சு வாயைத் திறந்துடாதீங்க!"

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவருக்கு நிறுத்த முடியவில்லை. டாக்டரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, "நீங்க மட்டும் என்னவாம்? என் பொண்ணு கல்யாணத்துல என்னையே ஓரங்கட்டினீங்களே!" என்று கேட்டேவிட்டார்.

"மேடையில எத்தனை பேரு! ஒருத்தர்மேல ஒருத்தர் மோதிக்கப் போறாங்களேன்னு எனக்கு ஒரே பயம். அன்னிக்கு நான் ஒரு வாய் சாப்பிடக்கூட இல்லை, தெரியுமா? தப்பா நினைச்சுக்காதீங்க."

சம்பந்தியின் கண்ணோரம் ஈரமாகியிருந்தது. சிரிக்கும்போது இடது கண் வலதைவிடக் கொஞ்சம் அதிகமாக இடுங்குவதை டாக்டர் அப்போதுதான் கவனித்தார். கை தானாக ஓடியது.

"ஆடாதீங்க."

"சிரிக்கிறவ எப்படி ஆடாம இருக்கிறது?"

அதற்கடுத்த வாரம் வண்ணம் தீட்டி முடிந்தது. ஆனாலும் சம்பந்தி ஞாயிறுதோறும் வந்தார். 'இன்னும் கொஞ்சம் பாக்கி' என்று டாக்டரும் சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் இரண்டு நாற்காலி, நடுவே டீ, ஓயாத பேச்சு. அவ்வப்போது சீட்டாட்டத்துக்கு ஆள் குறைந்தால் சம்பந்தி போய் உட்கார்ந்தார். முடிதிருத்துபவரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க விடவில்லை.

கண்காட்சி அன்று நூலகத்தில் நல்ல கூட்டம். சம்பந்தி தன் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். மகளும் மாப்பிள்ளையும் என்ன சொல்லப்போகிறாரோ என்று பின்னால் நின்று பார்த்தார்கள்.

"முகவாய் கொஞ்சம் பெருசு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் கன்ட்ரோல் ரூம்ல நான் சிரிச்சதே இல்லைங்க. சிரிச்சா இப்படியா இருக்கேன்?" என்றார்.

"இப்படித்தான் இருக்கீங்க."

"படம் எப்பவோ முடிஞ்சிடுச்சுன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"நீங்க மட்டும் தெரிஞ்சுதானே கூப்பிட்டீங்க?"

வெளியே காற்று இலைகளை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. எல்லாருமாக ஆற்றோரம் நடந்து, டீக்கடையின் வெளி மேசையில் உட்கார்ந்தார்கள். வெயில் இதமாக இருந்தது. முடிதிருத்துபவர் தன் படத்தை நாலு பேர் பாராட்டியதை ஐந்தாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சம்பந்தி டாக்டரின் பையிலிருந்து பென்சிலை எடுத்துக் காகிதக் கைக்குட்டையில் டாக்டரையே வரையத் தொடங்கினார். மூக்கு எங்கேயோ போனது. மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, "யாரும்மா இது, மாமாவா?" என்றான்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

"சம்பந்தி, ஆடாதீங்க," என்றார் மாப்பிள்ளையின் அம்மா, அதிகாரமாக.

கணவர் இன்னொரு சுற்று டீ சொன்னார்.