அதுக்கப்புறம் அப்பா சொன்னது

காட்டுக்கத்தல் என்பது அந்த பங்க் ராக் குழு தானாக வைத்துக்கொண்ட பெயர் இல்லை. கீழ்வீட்டுக்காரர் வாரா வாரம் கதவைத் தட்டிச் சொன்ன வார்த்தை அது. வேறு பெயர் தேடச் சோம்பல்பட்டு அதையே வைத்துக்கொண்டார்கள். மொத்தம் மூன்றே பேர். டிரம்ஸ் அடிக்கிறவன் இடி, பகலில் லாரிப் பட்டறையில் டயர் கழற்றுகிறவன். கிதார்காரன் குச்சி, ஆளும் அப்படித்தான் இருப்பான். பேஸ் கிதார் வாசித்துக்கொண்டே பாடுகிறவளுக்குச் சங்கு என்று பெயர். அவள் வாயைத் திறந்தால் ஆலைச் சங்கு தோற்றுப்போகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் வெளியாக இருந்தது. இடியின் முதலாளி பட்டறையைத் திறந்துவிட்டிருந்தார். எண்ணெய்க் கறை படிந்த தரையில் கூட்டம் நெருக்கியடித்து நின்றது. குச்சிக்குக் கூட்டத்தைப் பார்த்துத் தலைகால் புரியவில்லை. சங்கு மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வருவாரா? வந்து கடைசிப் பாட்டைக் கேட்பாரா? கேட்டால் தன்னோடு பழையபடி பேசுவாரா? அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஆல்பம் விற்றால் என்ன, விற்காமல் கிடந்தால் என்ன!

அப்பா பேசாமல் போனதற்குக் காரணம் முதல் ஆல்பம். சரியாகச் சொன்னால், அவள்தான்.

அப்பாவுக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த நடைமேடையில் எந்தப் பேருந்து, எது தாமதம், யாருடைய பிள்ளை தொலைந்துபோய் அழுகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லுகிறவர். முகம் யாருக்கும் தெரியாது, குரல் ஊருக்கே தெரியும். காலையில் உப்பு நீரில் கொப்பளிக்காமல் அவர் வேலைக்குப் போனதில்லை. ஊரிடம் அவ்வளவு பதமாகப் பேசுகிறவர் வீட்டுக்கு வந்ததும் மகளிடம் வேறு மாதிரிப் பேசுவார். பேச்சா அது, பட்டாசு.

ஒருநாள் சங்கு தன் அறையில் பாடிப் பார்த்து அதைப் போனில் பதிவு செய்துகொண்டிருந்தாள். அப்பா உள்ளே வந்து பிடித்துக்கொண்டார். "கழுதைகூட நேரம் பார்த்துத்தான் கத்தும். படிப்பும் இல்லை, வேலையும் இல்லை. இந்த லட்சணத்துல பாட்டு வேற! நீ உருப்பட்ட மாதிரிதான்!"

அத்தனையும் பதிவாகிவிட்டது. மறுநாள் கேட்ட குச்சி குதித்தான். "அக்கா, இது தங்கம்க்கா! அந்தக் கடைசி வரியைப் பாட்டு நடுவுல போடுவோம். பிச்சுக்கும்."

பிய்த்துக்கொண்டுதான் போனது. எங்கே வாசித்தாலும் அந்த இடம் வந்ததும் கூட்டம் கையைத் தூக்கி, "நீ உருப்பட்ட மாதிரிதான்!" என்று அலறும். எல்லார் வீட்டிலும் ஓர் அப்பா இருந்தார், எல்லாரும் அந்த வரியைக் கேட்டு வளர்ந்தவர்கள். சங்குக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் கெட்டது மகள் வாயால். நிலையத்தில் எவனோ ஒரு பையன் அந்தக் குரலை அடையாளம் கண்டுவிட்டான். அதற்குப் பிறகு அப்பா "பயணிகளின் அன்பான கவனத்திற்கு" என்று தொடங்கினாலே போதும், கீழேயிருந்து, "நீ உருப்பட்ட மாதிரிதான்!" என்று பதில் வரும். ஒருத்தன் கத்த, பத்துப் பேர் சிரிக்க, டீக்கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். அப்பாவுக்கு நாக்குக் குழறத் தொடங்கியது. ஒருநாள் நடைமேடையை மாற்றிச் சொல்லிவிட்டார். ஒரு கல்யாணக் கோஷ்டியே பேருந்தைத் தவறவிட்டு வந்து சண்டை பிடித்தது. மேலதிகாரி அவரைச் சாமான் பாதுகாக்கும் அறைக்கு மாற்றினார். அறிவிப்புக்கு ஒரு இயந்திரக் குரல் வந்தது. யார் கத்தினாலும் அதற்கு வலிக்காது.

அன்று மாலை அப்பா அவள் அறை வாசலில் வந்து நின்றார். "எங்கே, அதைப் போடு" என்றார்.

போட்டாள். நின்றுகொண்டே முழுப் பாட்டையும் கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நான் அதுக்கப்புறம் சொன்னது எங்கே?" என்று கேட்டார்.

அவள்தான் அதை வெட்டி எறிந்தவள்.

அதோடு அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அம்மாவிடம் பேசுவார், அதுவும் தணிந்த குரலில். சங்கு உள்ளே வந்தால் அவர் பார்வை முதலில் அவள் கையிலிருக்கும் போனுக்குப் போகும். பிறகு வாயை மூடிக்கொள்வார். அவள் வேண்டுமென்றே வீட்டுக்குத் தாமதமாக வந்து பார்த்தாள். விளக்கை அணைக்காமல் விட்டுப் பார்த்தாள். முன்பெல்லாம் வானம் இடிந்து விழுந்திருக்கும். இப்போது அவரே எழுந்து வந்து விளக்கை அணைத்துவிட்டுப் போனார். திட்டு வாங்க இப்படி அலைந்த பிள்ளை உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பதிவின் மிச்சம் பழைய போனில் கிடந்தது. அதை எடுத்து இரண்டாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் முழுசாக வைத்தாள். முதலில் திட்டு. பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு அப்பா, வேறு குரலில்: "சரி, விடு. தொண்டை கட்டியிருக்கு பாரு. வெந்நீர் போட்டு வெச்சிருக்கேன், உப்புப் போட்டுக் கொப்பளி. கத்துறதுன்னு ஆயிடுச்சு, வயித்துலேர்ந்து கத்தும்மா. தொண்டையிலேர்ந்து கத்தினா குரல் போயிடும்."

"இது பங்க்கா, அக்கா? வைத்தியக் குறிப்பு மாதிரி இருக்கு" என்றான் குச்சி.

"இருக்கட்டும். இது இல்லேன்னா ஆல்பமே இல்லை" என்றாள். இடி தலையாட்டினான்.

அப்பாவை அழைத்துவரும் பொறுப்பை அம்மாவிடம் விட்டிருந்தாள். "கடைசிப் பாட்டை மட்டும் கேட்கச் சொல்லும்மா. வேற எதுவும் வேண்டாம்."

"நான் சொல்றேன். வர்றதும் வராததும் அவர் இஷ்டம். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரியா?" என்றாள் அம்மா.

வந்தார். கடைசிப் பாட்டுக்குச் சற்று முன், பட்டறைக் கதவோரம், இஸ்திரி போட்ட வேலைச் சட்டையோடு. பக்கத்தில் அம்மா காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். சங்கு கண்ணைக் காட்டினாள், இடியும் குச்சியும் வாசிப்பை நிறுத்தினார்கள். அப்பாவின் குரல் மட்டும் ஒலிபெருக்கியில் வந்தது.

கூட்டம் அமைதியாகும் என்று அவள் நினைத்திருந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் பட்டறையே அதிர்ந்தது. "நீ உருப்பட்ட மாதிரிதான்!" ஒரு தடவையோடு நிற்கவில்லை. காலால் தரையை உதைத்து, தகரக் கதவில் அடித்து, மறுபடி மறுபடி. அவள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். அதுவும் பாட்டில் ஒரு பகுதி என்று நினைத்து அவர்களும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு கத்தினார்கள். "வாயை மூடுங்கடா! கேளுங்கடா!" என்று அலறினாள். இதுவரை எந்த மேடையிலும் அப்படி அலறியதில்லை. கூட்டத்துக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "வாயை மூடுங்கடா!" என்று ஒரு பாதி, "உருப்பட்ட மாதிரிதான்!" என்று மறுபாதி.

அந்தக் கூச்சலுக்கு அடியில் எங்கேயோ அப்பா வெந்நீரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். யாருக்கும் கேட்கவில்லை. கதவோரம் நின்றவரின் உதடுகள் அசைவதைச் சங்கு பார்த்தாள். அவர் பதிவோடு சேர்ந்து சொன்னாரா, வேறு ஏதாவது சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்குக் கேட்டது என்னவோ ஊரே தன்னைப் பார்த்துச் சொல்லும் அந்த ஒரு வரிதான். மறுபடி அந்தப் பக்கம் பார்த்தபோது அவர் நின்ற இடத்தில் வேறு யாரோ குதித்துக்கொண்டிருந்தார்கள்.

சாமான்களை வண்டியில் ஏற்றுவதற்குள் எவனோ அப்பா திட்டும் அந்த முன்பாதியை மட்டும் வெட்டிப் போனுக்குப் போன் பரப்பிவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை? வெட்டக் கற்றுக்கொடுத்தவளே அவள்தானே.

வீட்டுக்குப் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. சமையலறை மேசையில் ஒரு டம்ளர் மூடி வைக்கப்பட்டிருந்தது. திறந்தாள், ஆவி வந்தது. பக்கத்தில் உப்பு. யார் வைத்தது என்று அம்மாவைப் பார்த்துக் கையால் கேட்டாள். குரல் போயிருந்தது.

"நான் வைக்கலை" என்றாள் அம்மா.

ஓட்டமாக உள்ளே போனாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மன்னிச்சுடுப்பா என்று சொல்ல வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார், பொறுமையாகக் காத்திருந்தார். அவர் உதடுகளும் லேசாகப் பிரிந்தன. என்னவோ சொல்லத்தான் போகிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போது அவள் கையிலிருந்த போன் மினுங்கியது, யாரோ வாழ்த்து அனுப்பியிருந்தார்கள். அப்பா அதைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.