இரண்டு பக்கமும் ஒரே முனை

பாலுசாமியின் திருமணத் தகவல் மையத்தில் மூவாயிரத்துச் சொச்சம் ஜாதகங்கள் இருந்தன. எல்லாம் கம்ப்யூட்டருக்குள். அதை வாங்கிய மாதமே காகித விண்ணப்பங்களை மூட்டை கட்டிப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார் அவர். அவ்வளவு நம்பிக்கை. மனுஷன் சொன்னால் நாலு இடத்தில் விசாரிப்பார். கம்ப்யூட்டர் சொன்னால் விசாரிக்கவே மாட்டார்.

காந்திபுரத்தில் இருந்த அந்த ஆபீசில் கம்ப்யூட்டரைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் பிரவீனா. போத்தனூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவள். வயது இருபத்தெட்டு, செவ்வாய் தோஷம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கொங்கு நாட்டில் மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை. அவளுடைய ஜாதகமும் அந்த மூவாயிரத்தில் ஒன்று. அப்பா லட்சுமணசாமி பதிந்து வைத்தது. பதினொரு வீட்டார் வந்து பார்த்தார்கள். ஒருத்தர் நடந்து காட்டச் சொன்னார். ஒரு வீட்டம்மா பின்னலைப் பிடித்து இழுத்தே பார்த்துவிட்டார், சவுரியோ என்று. பதினொரு வீட்டாரும் ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொன்னார்கள். ஒரு கார்டு கூட வரவில்லை.

பதினொன்றாவது வீட்டார் வந்துபோன மறுநாள், போன வருஷம் சித்திரையில், பிரவீனா தன் பெயரைத் திரையில் வரவழைத்தாள். நிலைமை என்ற கட்டத்தில் 'முடிந்தது' என்று அடித்தாள். கல்யாணம் நிச்சயமானவர்களுக்கு அடிக்கிற சொல் அது. அதன் பிறகு எந்த மாப்பிள்ளைக்குப் பொருத்தம் தேடினாலும் அவள் பெயர் வரவில்லை.

அப்பா மாதம் ஒரு தரம் ஆபீசுக்கு வந்து பாலுசாமியிடம் கேட்பார். "ஏனுங்க, நம்ம அம்மணிக்கு ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

பாலுசாமி பிரவீனாவைப் பார்ப்பார். அவள் தட்டிப் பார்ப்பாள். ஒன்றும் வராது. "கம்ப்யூட்டர்லயே இல்லீங்களே," என்று அவர் கையை விரிப்பார். பெண் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறது என்ற நினைப்பு அந்த மனுஷனுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அப்பா தலையாட்டிவிட்டுப் படியிறங்குவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பிரவீனாவுக்குத் தோன்றும். ஆனாலும் இன்னொரு தரம் ஒரு கூட்டத்துக்கு முன்னால் நடந்து காட்ட அவளால் ஆகாது.

தொண்ணூற்றொன்பதில் தை பிறந்ததும் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதில் புது புரோகிராம். திறந்ததும் முதலில் 'முடிந்தது' பட்டியல்தான் வரவேண்டும் என்று பாலுசாமி கேட்டு வாங்கியிருந்தார். ராசியான இடம் என்று வருகிறவர்களுக்குத் தெரியவேண்டுமாம். இந்தச் சங்கதி பிரவீனாவுக்குச் சனிக்கிழமை காலையில், பையை மேசையில் வைக்கும்போதுதான் தெரிந்தது. பழைய கம்ப்யூட்டரில் இப்போதே அந்தச் சொல்லை அழித்துவிடலாம். அழித்தால் மறுபடி பெண் பார்க்க வருவார்கள். அழிக்காவிட்டால் எல்லார் முன்னாலும் அகப்பட்டுக்கொள்வாள். எதைச் செய்வது என்று தெரியாமல் பழையதன் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு நிற்கையில் ரியாஸ் உள்ளே வந்துவிட்டார்.

முகமது ரியாஸுக்கு உக்கடத்தில் சின்னதாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. அதற்கு முன்னால் எட்டு வருஷம் பம்புசெட் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டியவர். கோயம்புத்தூரில் கேபிளைக் கடையில் வாங்குவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிற ஆட்கள் உண்டு. இவர் அந்தக் கட்சி. பிரிண்டர் துளையில் மாட்டுகிற தடித்த கேபிளைக் கையாலேயே செய்து எத்தனையோ ஆபீசில் இரண்டு கம்ப்யூட்டர்களைச் சேர்த்துவைத்திருக்கிறார். எந்த ஒயரை எதோடு சேர்ப்பது என்று அதற்கு ஒரு படம் வைத்திருந்தார். இப்போது புதிதாக வந்திருக்கும் யுஎஸ்பிக்குப் படம் கிடைக்கவில்லை. படம் எதற்கு என்று இரண்டு யுஎஸ்பி கேபிளை வெட்டி, கம்ப்யூட்டரில் செருகுகிற தட்டை முனைகளை மட்டும் எடுத்து, ஒன்றோடு ஒன்று பற்றவைத்துக் கொண்டுவந்திருந்தார். இரண்டு பக்கமும் ஒரே முனை.

"பிளாப்பில ஏத்தி எறக்குனா நாள் பூரா ஆகுமுங்க. இது பத்து நிமிசம்," என்றார் பாலுசாமியிடம். "உள்ளுக்க நாலே ஒயருங்க. செவப்போட செவப்பு, கருப்போட கருப்பு. இதுல என்னுங்க தப்பு வரப்போவுது?"

மோட்டாரில் அவர் கற்றது அது. கம்ப்யூட்டர் விஷயம் வேறு. இரண்டு பெட்டியுமே அந்தச் சிவப்பு ஒயரில் கரண்ட்டை வெளியே தள்ளுகிறவை. வாங்கிக்கொள்கிற பக்கம் என்று ஒன்று இல்லை. ரியாஸுக்கு அன்றைக்கு அது தெரியாது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கும் தெரியாது. புதியது ஓடிக்கொண்டிருந்தது. கேபிளை இரண்டிலும் செருகிவிட்டுப் பழையதன் சுவிட்சைப் போட்டார். படக்கென்று ஒரு சத்தம். பின்பக்கத்திலிருந்து கரிந்த வாடை வந்தது.

மூடியைக் கழற்றினார். ஹார்ட் டிஸ்க்கை உருவிப் புதியதில் மாட்டிப் பார்த்தார். அது சுற்றவே இல்லை. இரண்டாம் தரமும் மாட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

பிரவீனாவுக்கு நிம்மதியாக இருந்தது. மறைப்பானேன், இருந்தது. மூவாயிரம் பேர் விவரத்தோடு அவள் அடித்த பொய்யும் கரியாகிப்போயிற்று. அந்த நிம்மதி பாலுசாமி வாயைத் திறக்கிற வரைக்கும்தான்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "தை மாசம் ரியாசு. தெனமும் வந்து நிப்பாங்க. அவங்களுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?"

ரியாஸ் அந்தக் கேபிளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இனி எவனுமே என்னைய ஆபீசுக்குள்ள உடமாட்டானுங்க," என்றார். இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், கண் கலங்கிவிட்டது.

பிரவீனாவிடம் நகல் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் வாராவாரம் எல்லாவற்றையும் பிளாப்பியில் எடுத்து வீட்டு பீரோவில் வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் வகுப்பில் படிந்த பழக்கம். யாரும் அவளைக் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. போன சனிக்கிழமை வரைக்கும் எல்லாம் அதில் பத்திரமாக இருந்தது, அவள் பெயருக்கு நேரே அடித்த 'முடிந்தது' உட்பட. வாயை மூடிக்கொண்டால் அவள் தப்பித்தாள், ரியாஸ் தொலைந்தார். பாவி மனுஷன் இப்படியா கண் கலங்கவேண்டும் என்று அவர்மேல் எரிச்சலாகக்கூட வந்தது.

"ஊட்ல நகல் வெச்சிருக்கறனுங்க," என்றாள். "மத்தியானத்துக்குள்ள கொண்டாந்துடறனுங்க."

போத்தனூர் வீட்டில் அப்பா இருந்தார். மூவாயிரம் குடும்பத்தின் விவரம் ஒரு செருப்பு டப்பாவுக்குள் இருக்கிறது என்று கேட்டதும், தனியாகக் கொண்டுபோக வேண்டாம் என்று அவரும் கிளம்பிவிட்டார். வேண்டாமென்றாலும் கேட்கவில்லை. பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்து, முட்டைக்கூடையைப் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்," என்றாள் பிரவீனா.

"மொதல்ல இதைக் கொண்டுபோய்ச் சேத்திப்போடலாம் கண்ணு. பள்ளத்துல பஸ்ஸு தூக்கிப்போடுது பாரு."

உக்கடம் வருவதற்குள் இன்னும் இரண்டு தரம் வாயெடுத்தாள். அவர் கவனமெல்லாம் டப்பாவில் இருந்தது.

ஆபீசில் அப்பா டப்பாவைத் திறந்துகொடுத்தார். இருபத்தாறு பிளாப்பிகள். ரியாஸ் ஒவ்வொன்றாகச் செருகினார். ஒவ்வொன்று ஏறி முடியும்போதும் அவர் உதடு துஆ ஓதி அசைந்தது. கடைசியும் ஏறியதும் நாற்காலியில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிரவீனாவைப் பார்த்துக் கும்பிடவே போனார். அவள் பார்க்காதவள்போல் திரும்பிக்கொண்டாள்.

பாலுசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே பொத்தானை அழுத்தினார். பட்டியல் வந்தது. கல்யாணப் பத்திரிகையை வாசிக்கிற குரலில் ஒவ்வொரு பெயராக வாசித்தார். நாலாவது வரிசையில் குரல் நின்றது.

"போத்தனூரு, லட்சுமணசாமி மகள் பிரவீனா. முடிந்தது." அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். முகத்தில் நிஜமான வருத்தம். "ஏனுங்க, அம்மணிக்கு முடிஞ்சு வருசம் ஆகப்போவுதாமுங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே?"

கம்ப்யூட்டர் சொல்லிவிட்டதல்லவா. அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அப்பா திரையைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார்.

"மாப்பிள்ளைன்னு யாரும் இல்லீங்க," என்றாள் பிரவீனா. குரல் உடைந்தது. "நானேதான் அப்படி அடிச்சு வெச்சனுங்க. பதினோரு தரம் நடந்து காட்டிப்போட்டேன். அதுக்கு மேல முடியலீங்க."

பாலுசாமிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. "யாரைக் கேட்டு அம்மணி இப்படிப் பண்ணுனீங்க?"

பிரவீனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னையக் கேட்டுத்தானுங்க," என்றார் அப்பா.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். காலி டப்பாவை இன்னும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பாலுசாமியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பறம் எதுக்குங்க மாசாமாசம் வந்து என்னையக் கேட்டீங்க?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணும் வந்துடலையேன்னு தெரிஞ்சுக்கத்தானுங்க. நீங்க இல்லீன்னு சொன்னா, அன்னிக்கு நிம்மதியா ஊட்டுக்குப் போவனுங்க."

இது பொய்யா நிஜமா என்று பிரவீனாவுக்குத் தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது, பாலுசாமியும் ரியாஸும் பார்க்கிறார்களே என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அப்பா அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"அந்த எழுத்தை மாத்தாதீங்க," என்றார் பாலுசாமியிடம். "மாத்தோணுமுன்னா அம்மணியே மாத்திக்கும்."