காதர் கட்டிவிட்ட பெல்ட்

ராஜபாளையத்தில் நைட்டி தைத்து விற்கும் காதர், காலையில் கடைக்குக் கிளம்புமுன் மகன் இம்ரானின் இடுப்பில் அந்த அகலமான பெல்ட்டைத் தானே கட்டிவிட்டார். முதுகுவலிக்காரர்கள் சட்டைக்கு மேல் கட்டுவது. இம்ரானுக்கு முதுகில் ஒரு வலியும் இல்லை.

போன மாதம் ஆலங்குளம் சாலையில் அவன் ஓட்டிய சரக்கு வேன் கவிழ்ந்தது. சிறு கீறலோடு தப்பினான். ஆனால் அதன்பின் ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்கியது, மூச்சு முட்டியது.

“முதுகுவலின்னே சொல்லுலே. மனசு சரியில்லன்னு தெரிஞ்சா, பைத்தியக்கார வீடும்பானுவ,” என்றார் காதர்.

“பெல்ட்டு கட்டினா கை நடுக்கம் நிக்குமா மாமா?” என்று கேட்ட மருமகள் சப்ரீன், பதிலுக்குக் காத்திராமல் கணவனை ஸ்ரீவில்லிபுத்தூர் மனநல மருத்துவர் கிருபாபாய் அம்மாவிடம் அழைத்துப் போனாள். காவலுக்குக் காதரும் போனார்.

“பெல்ட் லூஸா இருக்கே, யாரோடது?” என்றார் கிருபாபாய்.

“மாமாவோடது,” என்றாள் சப்ரீன்.

காதர் மின்விசிறியைப் பார்த்தார். “என் மச்சானுக்கு இதே மாதிரி நடுக்கத்துக்குக் குடுத்த மாத்திரையையே இவனுக்கும் எழுதிக் குடுங்கம்மா.”

“பாய், இது ஃப்ரீ சைஸ் நைட்டி இல்ல. ஆளுக்கு ஆள் அளவெடுக்கணும். மாத்திரை தேவைப்படுறவங்களும் உண்டு. உங்க மகனுக்குப் பேச்சு, மூச்சுப் பயிற்சி, வண்டியோட கொஞ்சங் கொஞ்சமாப் பழக்கம், எல்லாம் சேரணும். ஆனா பொய் சொல்லச் சொல்ல அவருக்குப் பயம் கூடுது. பெல்ட்ட நீங்கதான் கழட்டணும்.”

காதர் கழற்றவில்லை.

இம்ரான் முதலில், ஓடாமல் நின்றிருந்த வேனில் சும்மா உட்கார்ந்தான். பிறகு தெருவுக்குள் ஓட்டினான். கடைசியில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சரக்கு கொண்டுபோகும் நாளும் வந்தது. காதர் பக்கத்தில் ஏறி அமர்ந்தார்.

எதிர்த்த டீக்கடையிலிருந்து பாண்டிதுரை சத்தம் கொடுத்தார். “என்ன மாப்ள, இடுப்பொடிஞ்சவன் லோடு ஓட்டுத? நெசமாவே வலிதானா?”

ஸ்டியரிங்கில் இருந்த கை நடுங்கத் தொடங்கியது. “அத்தா, மூச்சு முட்டுது.”

காதர் மகனைப் பார்த்தார். குனிந்து அவன் இடுப்பிலிருந்த பெல்ட்டை அவிழ்த்தார். இறங்கி, நிமிர்ந்து நின்றார்.

“அவனுக்கு இடுப்புல ஒண்ணுமில்ல, பாண்டிதுரை. மனசுல அடிபட்டிருந்துச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு டாக்டரம்மாகிட்ட வைத்தியம் பாத்தோம், எந்திரிச்சுட்டான். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி போனா மானம் போவுதா? மனசுக்கு வந்த நோயை மறைச்சு, புள்ளைய முடக்கிப் போடுததுதான்வே குடும்பத்துக்கு அவமானம்!”

பாண்டிதுரை தம்ளரை வைத்துவிட்டு அருகில் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

“அந்தம்மா இன்னைக்கு இருப்பாவளா? எம் பொண்டாட்டி ராத்திரி கண்ணையே மூட மாட்டேங்கா.”

“அவளையும் கூட்டிட்டு வா. வண்டியில எடம் இருக்கு,” என்றார் காதர்.

இம்ரான் ஒரு மூச்சை ஆழ இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினான். கை லேசாக நடுங்கத்தான் செய்தது. வண்டி நேராகப் போனது.