யாரும் பார்க்காத கோல்

எங்கள் ஹாக்கிப் பிள்ளைகளைத் திட்டுகிற உரிமை எனக்கு உண்டு. பிரஸ்ஸில் எவ்வளவு ஆர்டர் குவிந்து கிடந்தாலும், முதலாளியிடம் கெஞ்சியோ சண்டை போட்டோ மேட்ச் நேரத்துக்கு மைதானத்தில் வந்து நிற்கிறவன் நான். அதனால் திட்டலாம். வீட்டை விட்டு நகராமல் இருந்துவிட்டு, மறுநாள் டீக்கடையில், "என்னய்யா, உங்க டீம் மறுபடியும் ஊத்திக்கிச்சாமே" என்று நக்கல் அடிக்கிறவனுக்கு அந்த உரிமை கிடையாது. அப்படிச் சொன்ன ஒருத்தனிடம் நான் இன்னும் பேசுவதில்லை.

என் பெயர் சங்கரலிங்கம். சிவகாசியில் ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிறேன். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற வேலை. ஹாக்கி மட்டையைப் பிடித்தது பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம், அதிலும் பாதி நாள் வெளியே உட்கார்ந்திருந்த ஆள். ஆனால் பார்க்கிறதில் என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. என் வீட்டுக்காரி ஞானசுந்தரி சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் சொல்லுவாள்: "வீடு பத்தி எரிஞ்சாலும் விசில் ஊதுற வரைக்கும் இவுக திரும்ப மாட்டாக." சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள். கோபப்படுவது போலக் காட்டிக்கொள்வேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

இந்த வருஷ லீக் ஆரம்பித்ததிலிருந்து அந்தப் பெருமைக்குத்தான் சோதனை. போன வருஷம் ஆடிய பெண்களில் சிலருக்குப் போலீஸில் வேலை கிடைத்தது, இரண்டு பேர் ரயில்வேக்குப் போனார்கள், மிச்சப் பேருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஒரே வருஷத்தில் அணி மொத்தமும் காலி. கோச் ரோஷினி டீச்சர் பள்ளிக்கூடம் முடித்த, முடிக்காத பிள்ளைகளாகப் பொறுக்கி ஒரு புது அணியை இறக்கினார். முகத்தில் இன்னும் பால் வடிகிற பிள்ளைகள். முதல் மூன்று மேட்சும் தோல்வி.

எப்படித் தோற்றார்கள் என்பதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஆடுகிறார்கள். பந்து ஆள்மாறி மட்டைமாறி ஓடுகிறது. சினேகா என்று ஒரு கேப்டன், பெனால்டி கார்னரில் அவள் அடித்தால் கோல் பலகை அதிரும். கோலில் வேல்விழி நிற்கிறாள், நாரணாபுரத்துப் பிள்ளை, பயம் என்பதே தெரியாது. இத்தனையும் இருந்து, கடைசிக் கால்பகுதியில் எல்லாம் கலைந்துபோகும். ஒருத்தி ஆளை விடுவாள், ஒருத்தி பந்தை விடுவாள், பத்து நிமிஷத்தில் மேட்ச் கைவிட்டுப் போகும். ரசிகர் குரூப்பில் ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் நான் வாய்ஸ் போடுவேன். மூன்று தடவையும் ஒரே கருத்துதான்: "கால்ல வேகம் இருக்கு, கையில வித்தை இருக்கு, கவனம் மட்டும் இல்ல. மேட்சு முடியற வரைக்கும் கண்ணு பந்து மேல இருக்கணும் தாயிகளா. உலகமே இடிஞ்சு விழுந்தாலும் பந்து மேல இருக்கணும்."

கிளப் செயலாளர் அய்யாதுரை அண்ணாச்சிக்கு வேறு கருத்து. மளிகைக் கடையில் உட்கார்ந்துகொண்டே உலக ஹாக்கியை நடத்துகிறவர் அவர். "கவனமும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. அனுபவம் பத்தல. வெளியூர்ப் புள்ளைக நாலஞ்சு பேர இறக்குனா எல்லாம் சரியாப் போகும்" என்று பணம் போடுகிற ராம்குமாரின் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். ராம்குமார் நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறவர். வயசு முப்பதைத் தாண்டியிருக்காது. ஜெர்ஸி, மட்டை, வேன், கோல்கீப்பர் காலில் கட்டுகிற பேட் வரைக்கும் அவர் உபயம். பேச்சு குறைவு. மூன்றாவது தோல்விக்குப் பிறகு அவர் ரோஷினி டீச்சரிடம் சொல்லிவிட்டார்: "சனிக்கெழம மேட்ச ஜெயிக்கட்டும். இல்லன்னா அடுத்த மேட்சுல இருந்து வெளியூர் ஆளுகதான். நம்ம புள்ளைக பெஞ்சுல இருந்து கத்துக்கிறட்டும்."

பெஞ்சு என்றால் எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியவில்லை. இந்தப் பிள்ளைகள் வீட்டில் ஹாக்கிக்கு அனுப்புவதே பெரும் பாடு. ஆடாமல் உட்கார்ந்துவிட்டு வருகிறாள் என்று தெரிந்தால், ஆடாத பிள்ளைக்குச் சாயங்காலம் மைதானத்தில் என்ன ஜோலி என்று கேட்பார்கள். அதோடு சரி. அடுத்த திங்கட்கிழமை பட்டாசுக் கம்பெனி வேனில் வேலைக்கு ஏற்றிவிடுவார்கள். வேல்விழியின் அம்மா இருளம்மாள் ராம்குமார் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். அவளே ரோஷினி டீச்சரிடம், "வெளையாடுற வரைக்கும் வெளையாடட்டும் டீச்சர், இல்லேன்னா எங்கூட வந்துரட்டும்" என்று சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை வந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அணி. நல்ல உயரமான பிள்ளைகள், ஒரே மாதிரி ஷூ. அவர்களைப் பார்த்ததுமே அய்யாதுரை அண்ணாச்சி, "முடிஞ்சது சோலி" என்றார். "இன்னும் விசிலே ஊதல அண்ணாச்சி, வாயக் கழுவுங்க" என்றேன்.

முதல் பாதியில் ஒரு வேடிக்கை நடந்தது. சீசன் நேரம், சுற்றிலும் கம்பெனிகளில் சாம்பிள் வெடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டமார் என்று ஒன்று கேட்கும். கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் தோளைக் குறுக்கிக்கொண்டு திரும்புவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அதெல்லாம் காக்கா கத்துகிற சத்தம். ஒரு தடவை அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி காதைப் பொத்திய நேரத்தில் சினேகா பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினாள். பெனால்டி கார்னர் கிடைத்தது. அடித்தாள் பாருங்கள் ஒரு அடி. பலகை அதிர்ந்த சத்தத்தில் நான் அய்யாதுரை அண்ணாச்சியையே கட்டிப்பிடித்துவிட்டேன். ஒன்றுக்கு சைபர்.

அதற்குப் பிறகு கோயம்புத்தூர்க்காரர்கள் சுதாரித்துவிட்டார்கள். வெடிச் சத்தம் பழகிவிட்டது. யாரும் திரும்பவில்லை. வரிசையாகத் தாக்கினார்கள். வேல்விழி விழுந்து விழுந்து தடுத்தாள். காலால் ஒன்று, கையால் ஒன்று, கடைசியில் ஒன்று ஹெல்மெட்டிலேயே பட்டுத் தெறித்தது. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு நின்றாள். கடைசிக் கால்பகுதி ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாகக் கலைகிற நேரம். இந்த முறை யாரும் கலையவில்லை. ஆளுக்கு ஆள் நின்றார்கள், பந்துக்குப் பந்து போனார்கள். ராம்குமார் வேல்விழியின் கோலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பைப் பார்த்தேன். இன்னும் மூன்றே நிமிஷம்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

சாம்பிள் வெடி காதில் கேட்கும். இது முதலில் உள்ளங்காலில் ஏறியது, அப்புறம் நெஞ்சில் மோதியது, அதற்கப்புறம்தான் காதுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பெனியே வெடித்தால் வருகிற அந்தச் சத்தம் கேட்டால் குடிக்கிற தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்ப்போம். எந்தப் பக்கம் புகை எழும்புகிறது என்று பார்ப்போம். அந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று மனசு கணக்குப் போடும்.

எனக்குக் கழுத்து தானாகக் கிழக்கே திரும்பியது. ஞானசுந்தரி சாத்தூர் ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கே கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள், உள்ளே கொண்டுபோகக் கூடாது. அவளை அழைக்கவும் முடியாது. கம்பெனி வேன் டிரைவர் காளீஸ்வரனுக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். கிழக்கே வெறும் வானம்தான் இருந்தது, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. என் பக்கத்தில் அய்யாதுரை அண்ணாச்சி வேறு திசையில் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தங்கை மகன் ஒரு கம்பெனியில் போர்மேன்.

நாலாவது தடவை காளீஸ்வரன் எடுத்தான். "இங்கன ஒண்ணுமில்ல மாமா. அக்கா உள்ளதான் இருக்காக. எங்கயோ கல்குவாரில வேட்டு வச்சிருக்கான் போல, கூடுதலாப் போட்டுட்டான்." உயிர் திரும்பி வந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, யாருக்கும் தெரியாமல் துண்டால் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் மைதானத்தைப் பார்த்தேன். கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் மட்டையைத் தூக்கிக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் கூட்டம் இவ்வளவு அமைதியாக இருப்பது ஏன் என்று புரியாமல் முழித்தார்கள். எங்கள் பிள்ளைகள் அவரவர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்கள், மட்டையைக் கீழே தொங்கவிட்டு, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு. கோலில் யாரும் இல்லை. பந்து வலையில் கிடந்தது. இந்தப் பக்கத்து நடுவர் திருச்சிக்காரர். அவருக்கு அது இன்னொரு வெடி, அவ்வளவுதான். கோல் என்று கை காட்டிவிட்டார்.

வேல்விழி வேப்பமரத்தடியில் இருந்தாள். காலில் கட்டிய பேட்டோடு, ஹெல்மெட்டோடு ராம்குமாரிடம் ஓடிப்போயிருக்கிறாள். அந்த நேரத்தில் கம்பெனிக்குப் பேசி விவரம் கேட்கக்கூடிய ஒரே ஆள் அவர்தானே.

மிச்சம் இருந்த நேரத்தில் யாரும் ஓடவில்லை, யாருக்கும் ஓட மனசில்லை. விசில் ஊதினார்கள். ஒன்றுக்கு ஒன்று. டிரா.

கல்குவாரி வேட்டுதான் என்று தெரிந்ததும் அய்யாதுரை அண்ணாச்சிக்குத் தைரியம் திரும்பிவிட்டது. நேராக ராம்குமாரிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். "பாத்தீகளா தம்பி? கோல்கீப்பர் கோல விட்டுட்டு ஓடுறா. எந்த ஊர்லயாவது இப்பிடி உண்டா? சொல்லச் சொல்லக் கேட்டீகளா? வெளியூர்ப் புள்ளைகன்னா இப்பிடிப் பண்ணுமா?"

வெளியூர்ப் பிள்ளைகள் இப்படிப் பண்ணாது என்பது உண்மைதான். அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியாதே. எனக்கு வாய் வரை வந்தது. ஆனால் உலகமே இடிஞ்சு விழுந்தாலும் பந்தைப் பாருங்கள் என்று வாரா வாரம் வாய்ஸ் போட்ட நான், எந்த முகத்தோடு பேசுவது?

வேல்விழி யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. உட்கார்ந்து காலில் இருந்த பேட்டை அவிழ்த்தாள். இரண்டையும் ராம்குமார் காலடியில் வைத்தாள், அதன் மேல் ஹெல்மெட்டை வைத்தாள். "எம்மேலதான் தப்பு மொதலாளி. நான் போயிறேன். மத்தவகள உக்கார வச்சிராதீக" என்றாள். சினேகா பின்னால் வந்து அவள் தோளைப் பிடித்தாள்.

ராம்குமார் கையில் இருந்த செல்லைச் சட்டைப்பையில் போட்டார்.

"அண்ணாச்சி, அந்தக் கோல் எப்பிடி விழுந்துச்சு?" என்று கேட்டார்.

"எப்பிடின்னா... ஆளில்லாத கோல் தம்பி, தட்டி விட்டுருப்பா."

"நீங்க பாத்தீகளா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், நானும் பார்க்கவில்லை என்று. அவர் மெதுவாக, "இல்ல தம்பி, நான் அந்தப் பக்கம் பாத்துட்டேன்" என்றார்.

"நானும் பாக்கல" என்றார் ராம்குமார். "எல்லாரும் உள்ள இருக்காகளான்னு போர்மேன்ட்டக் கேட்டுக்கிட்டு இருந்தேன். இவ எம்முன்னால நின்னு, 'எங்கம்மா, எங்கம்மா'ன்னு கேட்டுக்கிட்டு இருந்தா. கோல் விழுறப்ப இவ எங்கிட்டதான் நின்னா அண்ணாச்சி. இவளப் போயி வெளிய உக்காருன்னு நான் எப்பிடிச் சொல்ல?"

குனிந்து பேட் இரண்டையும் அவரே எடுத்தார். மண்ணைத் தட்டி வேல்விழி கையில் கொடுத்தார். "உங்கம்மா வந்துருவாக. வீட்டுக்குப் போ. அடுத்த வாரம் மதுரைல மேட்ச், வேன் காலையில வரும். எல்லாரும் ஏறிருங்க." வேல்விழி பேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். டீச்சரும் அழுதார். அண்ணாச்சி செருப்பைத் தேடுகிற சாக்கில் அங்கிருந்து நகர்ந்துவிட்டார்.

அன்றைக்கு நான் வாய்ஸ் போடவில்லை. குரூப்பில் எல்லாரும், சங்கரலிங்கம் அண்ணன் கருத்து எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு கருத்தும் இல்லை. ஜெயிக்க வேண்டிய மேட்ச், ஒரு பாயிண்டோடு போச்சு. மதுரையிலும் தோற்கலாம். பிள்ளைகளுக்கு ஆட்டம் பிடிபட இந்த வருஷம் முழுக்கக்கூட ஆகலாம். ஆகட்டும்.

வீட்டில் விளக்கு போடுகிற நேரத்துக்கு ஞானசுந்தரி வேனில் வந்து இறங்கினாள். கை விரலில் பட்டாசுக்குப் போடுகிற வெள்ளி மருந்து ஒட்டியிருந்தது. நான் வாசலிலேயே நிற்பதைப் பார்த்து, "என்ன, தொரை இன்னைக்கு வாசல்ல நிக்கீக? செயிச்சாச்சா?" என்றாள்.

"டிரா."

"அய்யய்யோ. கடைசில விட்டாகளா? எப்பிடி விழுந்துச்சு?"

"தெரியல. நான் பாக்கல."

அவள் டிபன் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க பாக்கலியா? வீடே பத்தி எரிஞ்சாலும்..." என்று ஆரம்பித்தாள்.

"நீ இருக்குற பக்கம் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை.