பத்தொன்பதாவது படம்

“அழிக்காதீங்க!”

சமையலறை வாசலிலிருந்து வந்த குரலில், வாத்தியாரின் கையிலிருந்த ரப்பர் தாளின் மேலேயே நின்றது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில், வந்தவர்கள் முன்னால் அவர் மனைவி குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

மேஜைமேல் இருபது தாள்கள். ஹைட்ரஜன் முதல் கால்சியம் வரை, ஒவ்வொரு தாளிலும் ஓர் அணு. நடுவில் கரு, சுற்றிலும் வளையங்கள், வளையங்களின் மேல் எலக்ட்ரான்களுக்குக் கறுப்புப் புள்ளிகள். வேதியியலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கான புத்தகம். அட்டையில் வாத்தியார் பெயர். வரைந்தது அவள். படங்களுக்குக் கீழே எழுதியதும் அவள்தான். வேதியியலில் பட்டம் வாங்கிய கையோடு இந்த வீட்டுக்கு வந்தவளை வேலைக்குப் போக வேண்டாம் என்றார்கள், போகவில்லை. எட்டு மாதமாக டப்பா மூடிகளை வைத்து வட்டம் போட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைகளிடம் காட்டி, அவர்கள் திருதிருவென்று முழித்த இடத்தையெல்லாம் மாற்றி வரைந்தாள்.

பதிப்பகத்திலிருந்து வந்திருந்த அம்மாள் பத்தொன்பதாவது தாளில்தான் நின்றுவிட்டார்.

“மூணாவது வளையத்துல பதினெட்டு வரைக்கும் இடம் இருக்குன்னு எழுதியிருக்கீங்க சார். பொட்டாசியத்துக்கு எட்டோட நிறுத்திட்டு, நாலாவதுல ஒண்ணைப் போட்டிருக்கீங்களே. பிள்ளைங்க கேட்டா என்ன சொல்றது?”

வாத்தியார் தாளை எட்டிப் பார்த்தார். “கை தவறியிருக்கும். ஒன்பதாக்கிடலாம்” என்று ரப்பரை எடுத்தார். அப்போதுதான் அவள் குரல் கொடுத்தாள்.

“உள்ள போ” என்றாள் பின்னால் நின்ற மாமியார், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் போகவில்லை. தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இடம் இருக்கறது நெஜந்தாங்க. ஆனா எட்டு சேர்ந்ததும், மூணாவதுல மிச்சமிருக்கற இடத்தைவிட நாலாவதோட முதல் இடத்துக்குச் சக்தி கம்மியா போதும். எலக்ட்ரான் அங்கதான் போகும். ஒன்பதுன்னு போட்டா, பொட்டாசியம் அந்த ஒண்ணை ஏன் அவ்வளவு லேசா விட்டுடுதுன்னு பிள்ளைங்களுக்குப் புரியவே புரியாது.”

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “வரைஞ்சது யாரு?”

“இவ கோடு போட்டுக் குடுத்தா, அவ்வளவுதான்” என்ற வாத்தியார் அவள் பக்கம் திரும்பினார். “நம்ம வீட்ல நீ வேற, நான் வேறயா?”

“வேற இல்லைன்னா என் பேரைப் போடலாமே.”

“பொம்பளைக்கு எதுக்குடி பேரு?” மாமியார் வெடித்தாள்.

அவள் இருபது தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். மேஜையில் மிஞ்சியது வாத்தியார் எழுதிய ஒன்றரைப் பக்க முன்னுரை.

“குடு. மானம் போகுது” என்றார் அவர், உதடு அசையாமல்.

“பேர் வந்தா தர்றேன்.”

வாத்தியார் முன்னுரையைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார்.

“சரி. போட்டுக்கங்க.”

அந்த அம்மாள் பேனாவைத் திறந்தார். “பேர் சொல்லுங்க.”

“திருமதி…” என்று தொடங்கி, வாத்தியார் தன் பெயரைச் சொன்னார்.

“அது அவர் பேருங்க” என்றாள் அவள். பிறகு தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.